செவ்வாய்க்கிழமைக் காசு: ஒரு கடன் கொப்பியின் கணக்கு

அக்கா கொண்டுவந்து தந்தது மகனின் பழைய கணிதக் கொப்பி. முன்பக்கத்தில் இருந்து புரட்டினால் பின்னக் கணக்கும் ஆசிரியர் சிவப்பு மையில் போட்ட சரிகளும். தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்தில் இருந்து புரட்டினால் கடன் கணக்கு. ஒவ்வொரு வரியிலும் ஒரு திகதி, ஒரு தொகை, பக்கத்தில் "செ" என்று ஓர் எழுத்து. செவ்வாய். இருபத்தெட்டு "செ" எண்ணினேன். அதில் ஒன்றை மட்டும் சுற்றி வட்டம் போட்டு, கீழே ஏழு பெயர்களை எழுதி, எல்லாவற்றையும் குறுக்கே வெட்டியிருந்தார். இது என்ன அக்கா என்று கேட்டேன்.

"அது நான் பாயில இருந்த நாள், தங்கச்சி."

அந்த நாளுக்குப் பிறகு வருகிறேன்.

இது 2025 ஜூன் கடைசிக் கிழமையில் நடந்தது. மட்டக்களப்பு மாவட்டத்து வவுணதீவுப் பக்கத்து ஊர் ஒன்றின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நான் பொருளாளர். சம்பளம் இல்லாத, ஏச்சு மட்டும் தவறாமல் கிடைக்கிற வேலை. அக்காவும் சங்கத்து அங்கத்தவர்தான். அவர் சம்மதித்துத்தான் இதை எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம், கணக்கை மட்டும் உள்ளபடி போடு என்றார். ஆகவே தொகைகள் எல்லாம் கொப்பியில் கண்டபடி.

வீடும் வரும்படியும்

வயது முப்பத்தெட்டு. மூன்று பிள்ளைகள். மூத்தவள் அப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், நடுவிலவன் ஏழாம் தரம், கடைக்குட்டி இரண்டாம் தரம். கணவர் 2021இல் கொழும்புக்கு மேசன் வேலைக்கென்று போனவர். முதலில் காசு வந்தது, பிறகு போன் மட்டும் வந்தது, பிறகு அதுவும் இல்லை. சட்ட உதவி ஆணைக்குழு ஊடாகச் செலவில்லாமல் தாபரிப்பு வழக்குப் போட்டார்கள். மாதம் 10,000 ரூபா கட்டச் சொல்லிக் கட்டளை கிடைத்தது. மூன்று மாதம் கட்டினார். இப்போது பிடியாணை இருக்கிறது, விலாசம்தான் இல்லை.

வீடு அக்காவுடையது. மட்டக்களப்பு வழமையில் வீடு பெண்ணுக்குத்தான் போகும். தாய் இருந்த வளவிலேயே மகளுக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கலியாணப் பேச்சையே எடுப்பார்கள். மாப்பிள்ளை வந்து குடியேறுவார். இங்கே போனதும் மாப்பிள்ளைதான், கூரை போகவில்லை. ஊரில் தனியே பிள்ளை வளர்க்கிற பெண்கள் பலர் தெருவுக்கு வராமல் இருப்பதற்கு இந்த ஒரு வழமைதான் காரணம் என்று நினைக்கிறேன். வாடகை இல்லை, அரிசியும் அண்ணனின் வயலில் இருந்து போகத்துக்குப் போகம் வருகிறது. மற்ற எல்லாவற்றுக்கும் காசு வேண்டும்.

அக்காவின் தொழில் இடியப்பம். விடிய மூன்றரைக்கு எழும்பி மாவைப் பிழிந்து அவித்து, ஆறரைக்குள் சந்திக் கடைக்குப் போட வேண்டும். மா, தேங்காய், போக்குவரத்து எல்லாம் கழித்தால் நாளுக்கு 550 ரூபா அளவில் நிற்கும். மாதத்தில் இருபது நாள் ஓடினால் 11,000. முன்பென்றால் வெட்டுக் காலத்தில் வயல் கூலியும் கிடைக்கும். இப்போது வெட்டு மெசின் ஒரு பகலில் முடித்துவிட்டுப் போய்விடுகிறது. பெண்களுக்குப் புல்லுப் பிடுங்குகிற சில நாள் கூலி மட்டும் மிச்சம்.

மற்றது அஸ்வெசும, வறிய குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதா மாதம் தருகிற கொடுப்பனவு. 2023 ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக வந்தபோது நான்கு வகுப்பாகப் பிரித்தார்கள்: 2,500, 5,000, 8,500, 15,000. யார் எந்த வகுப்பு என்பதை 22 குறிகாட்டிகளை வைத்துத் தீர்மானித்தார்கள். படிப்பு, சுகாதாரம், வருமானம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிற கேள்விகள். அக்காவை முதலில் கீழ் வகுப்பில் போட்டார்கள். மேன்முறையீடு எழுதிக் கொடுத்து 8,500 வகுப்புக்கு ஏற்றினோம். 2025 ஜனவரியில் இருந்து அந்த வகுப்புக்கு 10,000 ஆனது.

ஆக மாதம் 21,000. செலவைக் கொப்பியில் இப்படி எழுதியிருந்தார்: கடைக் கொப்பி 8,500, கேஸ் 3,700, மூத்தவளின் ரியூசன் 2,000, கரண்டும் தண்ணியும் 900, பஸ், சவர்க்காரம், பனடோல் வகையறா 1,500. கூட்டினால் 16,600. மிச்சம் 4,400 ரூபா. இந்த 4,400ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மெத்தையும் ஓர் அடுப்பும்

2024 நவம்பர் கடைசி வெள்ளம் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். தொடங்கியிருந்த உயர்தரப் பரீட்சையையே இடையில் நிறுத்தினார்கள். எங்கள் பக்கம் குளத்து வான்கதவு திறந்தால் வயல் எது, வாவி எது என்று தெரியாது. அக்கா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் நான்கு நாள் இருந்தார். திரும்பி வந்தபோது வீட்டுக்குள் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு. பாத்திரம் கழுவினால் சரி, உடுப்புத் தோய்த்தால் சரி. பஞ்சு மெத்தை இரண்டும் தண்ணீர் குடித்து, காயப்போட்டால் நாறத் தொடங்கின. பழைய கேஸ் அடுப்பு துருவேறிப் போனது. மார்கழி மழையில் விறகு பற்றாது. அடுப்பு இல்லையென்றால் இடியப்பம் இல்லை. இடியப்பம் இல்லையென்றால் மாதத்தில் பாதி இல்லை.

உதவித் திட்டங்களை வகுக்கிறவர்கள் வீட்டுச் சாமான் வேறு, தொழில் சாமான் வேறு என்று பிரிப்பார்கள். அந்த அடுப்பு எந்தப் பக்கம்? மெத்தையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடைக்குட்டிக்கு இழைப்பு. சேறு காயாத சீமெந்து நிலத்தில் பாயைப் போட்டுப் படுக்க வைக்க ஏலாது. ஊரில் சிலர் "மெத்தைக்கும் லோனா" என்று பின்னால் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டில் மெத்தை நனையவில்லை.

இரண்டு மெத்தை 23,000, அடுப்பும் ரெகுலேட்டரும் குழாயும் 9,800. மொத்தம் 32,800 ரூபா ஒரே தடவையில் தேவைப்பட்டது. அப்போது மாதம் 8,500 வந்த அஸ்வெசுமவில் இதற்கு இடமில்லை. அது சோற்றுக்கு அளந்த காசு. 

கேட்டுப் பார்த்த இடங்கள் சில. சமுர்த்தி வங்கியில் பழைய கடனில் 6,000 பாக்கி இருந்ததால் புதுக்கடன் இல்லை. ஈடு வைக்க இருந்த ஒரு சோடித் தோடு ஏற்கனவே ஈட்டில் இருந்தது. டவுனில் கட்டுக்காசுக்குச் சாமான் கொடுக்கிற கடையில் நிரந்தரச் சம்பளக்காரர் ஒருவர் பிணை நிற்க வேண்டும் என்றார்கள். சீட்டைப் போன சித்திரையிலேயே எடுத்து முடித்துவிட்டார். எங்கள் சங்கத்திலும் கேட்டார். அதை வேண்டுமென்றே கடைசியில் சொல்ல வைத்திருக்கிறேன்.

திறந்திருந்த ஒரே கதவு, நுண்கடன் கம்பனிகள் கொடுக்கிற கிழமைக் கடன்.

கோழி இல்லாத கோழி வளர்ப்பு

குழுக் கடன் எடுக்க ஐந்து பெண்கள் சேர வேண்டும். மூன்று குழு சேர்ந்தால் ஒரு சென்டர். சென்டர் லீடரின் வீட்டு மாமரத்தடியில் பாய் விரித்துக் கூட்டம். ஒருவருக்கு ஒருவர் பிணை. கணவரின் கையெழுத்துக் கேட்டார்கள், இல்லையென்றதும் அண்ணனைக் கொண்டுவரச் சொன்னார்கள். படிவத்தில் கடனின் நோக்கம் என்ற கட்டத்தை அக்கா வெறுமையாக விட்டார். கம்பனியில் இருந்து வந்த தம்பி அதில் தானே "கோழி வளர்ப்பு" என்று எழுதினான். நான் அந்தப் பிரதியைப் பார்த்தேன். அக்காவின் வளவில் அன்றைக்கும் கோழி இல்லை, இன்றைக்கும் இல்லை. மெத்தைக்கென்று எழுதினால் மேலிடம் திருப்பி அனுப்பிவிடுமாம். எல்லாருக்கும் தெரிந்த பொய், ஆகவே யாரும் அதைப் பொய்யாக எடுக்கவில்லை.

கடன் 40,000. பத்திரச் செலவு, காப்புறுதி என்று 1,800ஐக் கழித்துக்கொண்டு கையில் 38,200 கொடுத்தார்கள். கிழமைக்கு 1,050 வீதம் 52 கிழமை. மொத்தம் 54,600.

இதை அந்தத் தம்பி "நூற்றுக்கு முப்பத்தாறரைதான் அக்கா" என்று விளங்கப்படுத்தியிருக்கிறான். கூட்டிப் பார்த்தால் சரிதான், 14,600 என்பது 40,000த்தில் 36.5 வீதம். ஆனால் முழு 40,000மும் ஒரு வருடம் அக்காவின் கையில் இருக்கவில்லையே. இரண்டாம் கிழமையே திருப்பிக் கொடுக்கத் தொடங்கியாயிற்று. குறைந்துகொண்டே போகிற நிலுவைக்கு வட்டி பார்த்தால் வருடத்துக்கு 65 வீதம் கிட்ட வருகிறது. கையில் வந்தது 38,200 என்று வைத்தால் 75 வீதம். 2018இல் மத்திய வங்கி தன் கண்காணிப்பில் உள்ள நிதி நிறுவனங்களின் நுண்கடனுக்கு 35 வீதம் என்று உச்ச வரம்பு வைத்தது. இந்தக் கம்பனி அந்தக் கண்காணிப்புக்குள் வராதது. 2016ஆம் ஆண்டு நுண்நிதிச் சட்டமும் வைப்புப் பணம் வாங்குகிற கம்பனிகளைத்தான் பிடித்தது. கடன் மட்டும் கொடுக்கிறவர் அதற்கு வெளியே நின்றார்.

என்றாலும், கொப்பியை வைத்துக்கொண்டு இரண்டு இரவு இருந்த பிறகு எனக்கு ஒன்று பட்டது. அக்காவை முதலில் விழுத்தியது வட்டி இல்லை, நாட்காட்டி. அஸ்வெசும மாதத்துக்கு ஒரு தடவை. கடன் கிழமைக்கு ஒரு தடவை. மாதத்துக்கு நாலு கிழமை என்றுதான் நாங்கள் எல்லாரும் வாயால் கணக்குப் பார்க்கிறோம். பன்னிரண்டு நாலு நாற்பத்தெட்டு. ஆனால் கட்டுவது ஐம்பத்திரண்டு. நாலு செவ்வாய் வருகிற மாதத்தில் 4,200 போகும், 4,400இல் 200 மிஞ்சும். ஐந்து செவ்வாய் வருகிற மாதத்தில் 5,250. அந்த மாதம் 850 துண்டு விழும். கடன் எடுத்த அன்றைக்கே இது எழுதி வைத்த மாதிரித்தான். அக்கா அதிகம் செலவழித்தார் என்றோ சோம்பல்பட்டார் என்றோ ஒரு வரியும் கொப்பியில் இல்லை.

2025 தைப்பொங்கல் ஒரு செவ்வாய்க்கிழமை. விடுமுறை என்பதால் காசை முதல் நாளே சேர்த்தார்கள். "பொங்கலுக்குச் சர்க்கரை வாங்கின காசு மறுகா வரும், லோன் காசு முன்னுக்கே போகோணும்" என்று அக்கா சிரித்துக்கொண்டு சொன்னார். அஸ்வெசும எடுக்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை உபகரணத்துக்கென்று அந்தப் பருவத்தில் கிடைத்த 6,000 ரூபாவில் இருந்தும் இரண்டு கிழமைக் காசு போயிருக்கிறது. அதைக் கொப்பியில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார், பிள்ளைகளிடம் களவெடுத்த மாதிரி.

பாயில் இருந்த நாள்

பெப்ரவரி 11. கடைக்குட்டிக்குக் காய்ச்சல் என்று போதனா வைத்தியசாலையில் இருந்து அக்கா எட்டு நாள் கழித்து வந்திருந்தார். வைத்தியம் இலவசம்தான், ஆனால் எட்டு நாள் இடியப்பம் இல்லை. 4,400 ரூபா அப்படியே போனது. அந்த மாதத்து அஸ்வெசும இன்னும் வங்கியில் விழவில்லை. கையில் 300 ரூபா.

கூட்டம் ஒன்பதரைக்கு. பத்தேகாலுக்கு எல்லாரும் கட்டி முடித்துவிட்டார்கள். சென்டரின் சட்டம் என்னவென்றால், கடைசிக் காசு வரும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது. பதினைந்து பெண்கள் பாயில். ஒருத்திக்குக் கைக்குழந்தை, ஒருத்தி அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்தவள். தம்பி ஏசவில்லை. தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். "அக்கா, கணக்கு முடிக்காம நான் பிராஞ்சுக்குப் போக ஏலாது, என்ர சம்பளத்தில வெட்டுவாங்க" என்று இரண்டு தடவை சொன்னானாம். ஏசியிருந்தால் திருப்பி ஏசலாம். அவன் கெஞ்சுகிற மாதிரிச் சொன்னதால் அக்காவுக்குப் பேச்சு வரவில்லை.

வெயில் மாமரத்தைச் சுற்றி வந்து பாயின் அரைவாசியைப் பிடித்தது. நிழலை நோக்கி எல்லாரும் நகர, அக்கா மட்டும் நகராமல் வெயிலிலேயே இருந்திருக்கிறார். ஒன்றேகால் மணிக்கு, பள்ளிக்கூடம் விடப்போகிறது என்று ஒரு மாமி எழும்பி முந்தானை முடிச்சை அவிழ்த்தார். 200. "இந்தாகா, போடு, பிறகு பாப்பம்." பிறகு மற்றவர்களும் ஐம்பதும் நூறுமாகப் போட்டார்கள். ஏழு பேர், 750 ரூபா. வட்டத்துக்குக் கீழே இருந்த ஏழு பெயர்களும் அவர்கள்தான்.

இந்தக் குழுப் பிணையை ஒற்றுமை என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த ஏழு பேர் காட்டியது ஒற்றுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒற்றுமையை வெயிலில் மூன்று மணித்தியாலம் காய வைத்துத்தான் பிழிந்தெடுத்தார்கள்.

அந்த வெட்கத்தில்தான் அக்கா இரண்டாவது பிழையைச் செய்தார். ஒருவருக்கும் சொல்லாமல், பக்கத்து ஊர் சென்டரில் வேறொரு கம்பனியிடம் 25,000 எடுத்தார். கையில் வந்தது 24,100. கிழமைக்கு 680, ஐம்பது கிழமை. ஏழு பேருக்கும் 750, மீறிப்போயிருந்த கடைக் கொப்பிக்கு 9,500, மூத்தவளின் மார்ச் மாதப் பரீட்சைக்கு முந்திய செமினார் 3,000, சிலிண்டர், சப்பாத்து. மிஞ்சிய 5,000 சொச்சத்தை அலுமாரியில் துணிக்கடியில் வைத்து, செவ்வாய்க்குச் செவ்வாய் குறைகிற காசை அதில் இருந்து எடுத்துப் போட்டார். கடன் காசாலேயே கடன் கட்டிய அந்த ஏழு கிழமையும் அவர் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. சங்கக் கூட்டத்துக்கும் வந்தார். அக்கா தலை தூக்கிவிட்டார் என்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

சித்திரைப் புத்தாண்டுக்குச் சந்திக் கடை ஒரு கிழமை பூட்டு. ஏப்ரலில் ஐந்து செவ்வாய் வேறு. மாதக் கடைசியில் ஊரிலேயே வட்டிக்குக் கொடுக்கிற ஒருவரிடம் 10,000 வாங்கினார். நூற்றுக்குப் பத்து, மாத வட்டி. ஈடாக வைத்தது அஸ்வெசும விழுகிற வங்கிப் புத்தகமும் கார்டும். மாதா மாதம் அவரே கார்டைக் கொண்டு வங்கி வாசலுக்கு வருவார். அக்கா காசை எடுத்து 1,000ஐக் கொடுத்துவிட்டுக் கார்டையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஊரில் இது புதுமை இல்லை.

மொத்தக் கணக்கு

ஜூன் கடைசியில் கொப்பியைக் கூட்டியபோது வந்தது இது. மூன்று இடத்திலும் சேர்த்து அக்காவின் கைக்கு வந்த காசு 72,300. அதுவரை திருப்பிக் கட்டியது 42,960. இன்னும் கட்ட வேண்டியது 57,640. வீட்டுக்கு வந்த சாமான் இரண்டு மெத்தையும் ஓர் அடுப்பும். மே மாதம் நாலு செவ்வாய்க்கே கடனுக்கு 7,920 போயிருக்கிறது. ஜூலையில் ஐந்து செவ்வாய், 9,650 போகும். அரசாங்கம் தருகிற 10,000த்தில் மூன்றரை நூறு மிஞ்சும்.

இந்தக் கதை அக்காவோடு தொடங்கியதில்லை. 2018இல் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்குட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கமே முன்வந்தது. அதே வருடம் வந்துபோன ஐ.நா. சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹோஸ்லாவ்ஸ்கி சில கடன்களின் வட்டி 220 வீதம் வரை போவதாக எழுதினார். 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். எல்லாம் நடந்தது. மாமரத்தடியில் பாயும் விரித்தபடி இருக்கிறது.

என் பெரியம்மாவின் மகள் லண்டனில் இருக்கிறாள். அவளும் ஒரு பிள்ளையோடு தனியே, அரசாங்கக் கொடுப்பனவில்தான். இந்தக் கணக்கைப் போனில் சொன்னபோது, அங்கே யூனிவர்சல் கிரெடிட் எடுக்கிறவர்கள் கட்டில், குளிர்சாதனப் பெட்டி மாதிரிச் சாமானுக்கு அந்தத் திணைக்களத்திடமே முற்பணம் கேட்கலாம் என்றாள். பிள்ளை உள்ளவர்களுக்கு 812 பவுண் வரை, வட்டி இல்லை, மாதா மாதம் கொடுப்பனவில் கழித்துக்கொள்வார்கள். ஆறு மாதமாவது கொடுப்பனவில் இருந்திருக்க வேண்டுமாம். கழிக்கிற மாதங்களில் வயிற்றைக் கட்டித்தான் இருக்க வேண்டும், சொர்க்கம் என்று நினைக்காதே என்றும் சொன்னாள். எனக்கு அதில் பிடித்தது ஒன்றுதான்: காசு வருகிற நாளும் கழிகிற நாளும் ஒரே நாள்.

செய்தது

முதலில் வங்கிப் புத்தகம். அதை மீட்காமல் மற்றதைத் தொட்டுப் பயனில்லை. பத்துப் பெண்கள் சேர்ந்து மாதம் ஆயிரம் ரூபாச் சீட்டு ஒன்று தொடங்கினோம். கழிவும் இல்லை, குலுக்கலும் இல்லை, முதல் சீட்டு அக்காவுக்கு என்று பேசி வைத்தோம். வட்டத்துக்குக் கீழே பெயர் இருந்த ஏழு பேரில் ஐந்து பேர் இதிலும் சேர்ந்தார்கள். அந்த 10,000த்தை எடுத்துக்கொண்டு, சங்கத்துத் தலைவி மாமியும் நானும் அக்காவும் வட்டிக்காரர் வீட்டுக்குப் போனோம். தேத்தண்ணி தந்தார். காசை இரண்டு தடவை எண்ணினார். "ஏன் பிள்ளை, நான் அவசரப்படுத்தினேனா?" என்று கேட்டுக்கொண்டே புத்தகத்தையும் கார்டையும் தந்தார். இனி அக்கா மாதம் 1,000 சீட்டுக்குக் கட்டுகிறார். அதே ஆயிரம்தான். வட்டிக்குப் போனால் முதல் அசையாது, சீட்டுக்குப் போனால் பத்து மாதத்தில் முடியும்.

இரண்டாவது கம்பனியிடம் ஒரேயடியாக முடித்தால் எவ்வளவு என்று கேட்டோம். 22,440க்குப் பதிலாக 18,900 என்றார்கள். அதைச் சங்கம் கொடுத்தது. குறைகிற நிலுவைக்கு மாதம் ஒரு வீதம், பன்னிரண்டு மாதம், மாதம் 1,680. அஸ்வெசும விழுந்த மறுநாள் கட்டினால் போதும்.

முதல் கம்பனி மசியவில்லை. கிழமையை மாதமாக மாற்றித் தரக் கேட்டுக் கடிதம் கொடுத்தோம், சிஸ்டத்தில் இடமில்லை என்றார்கள். சரி, அது டிசம்பர் 9 வரை ஓடட்டும் என்று விட்டுவிட்டோம். பரீட்சை முடிந்ததில் ரியூசன் காசு நின்றது, ஆனி ஆடி வெயிலில் விறகு காய்ந்து கேஸ் செலவும் விழுந்தது. வெள்ளத்தால் வந்ததை வெயில் கொஞ்சம் தாங்கிக்கொடுத்தது. ஐந்து செவ்வாய் வந்த ஜூலையும் செப்டெம்பரும் எவரிடமும் கை நீட்டாமல் போயின.

நான் கடைசிக்கு வைத்தது

2024 டிசம்பர் முதல் கிழமை, கம்பனியிடம் போவதற்கு முன், அக்கா எங்கள் சங்கத்தில் 30,000 கடன் கேட்டு விண்ணப்பம் தந்தார். கையால் எழுதியது. "பிள்ளைகளுக்கு மெத்தையும் அடுப்பும் வாங்க" என்று உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தார். அன்றைக்குச் சங்கத்தின் சுழற்சி நிதியில் 64,000 ரூபா வங்கியில் சும்மா கிடந்தது. வங்கிப் புத்தகம் என் அலுமாரியில். 

எங்கள் யாப்பில் சுழற்சி நிதி "சுயதொழிலுக்கு மட்டும்" என்று இருக்கிறது. நிதி தந்த நிறுவனம் போட்ட நிபந்தனை அது. நிறுவனம் திட்டத்தை முடித்துக்கொண்டு போய்ப் பல வருடம். நிபந்தனை மட்டும் போகவில்லை. மெத்தை சுயதொழில் இல்லை என்று விண்ணப்பத்தின் மேலே சிவப்பால் எழுதித் திருப்பிக் கொடுத்தது நான்தான். அடுப்பை மட்டும் பிரித்து எழுதித் தாருங்கள், இடியப்பத் தொழிலுக்கென்று 9,800 தரலாம் என்று சொல்ல அப்போது எனக்குத் தோன்றவில்லை. உண்மையை எழுதியதற்கு நாங்கள் இல்லை என்றோம், கோழி வளர்ப்பு என்று எழுதியவர்கள் மூன்றாம் நாள் காசு கொடுத்தார்கள்.

ஜூலையில் அந்த 18,900ஐக் கொடுத்தபோது நோக்கம் என்ற இடத்தில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? "இடியப்பத் தொழில் விரிவாக்கம்." அந்தத் தம்பியைப் பற்றி மேலே எழுதியதை வாசிக்கிறபோது இதையும் சேர்த்து வாசியுங்கள்.

ஆகஸ்ட் பொதுக் கூட்டத்தில் யாப்பைத் திருத்தக் கொண்டுவந்தோம். லேசாக நிறைவேறவில்லை. "மெத்தைக்குக் கொடுத்தா நாளைக்கு டீவிக்கும் கேப்பாங்க" என்று ஒரு பக்கம். "டீவி நனைஞ்சா பிள்ளைக்கு இழுக்காது, மெத்தை நனைஞ்சா இழுக்கும்" என்று தலைவி மாமி. கட்டாமல் விட்டால் யார் பொறுப்பு என்ற கேள்வி நியாயமானது. அதற்கு இன்னும் முழுப் பதில் இல்லை. கடைசியில் 15,000 வரை வீட்டுச் சாமான் கடன், ஒரு வீட்டுக்கு ஒரு தடவைக்கு ஒன்று, மாதத்துக்கு ஒரு தடவை அஸ்வெசும விழுந்த பிறகு கட்டுவது என்று ஒத்துக்கொண்டார்கள். மூன்று பேர் கை தூக்கவில்லை. 15,000 என்பது அக்காவின் தேவையில் பாதிக்கும் குறைவு, அதுவும் தெரியும். 64,000ஐ வைத்துக்கொண்டு அதற்கு மேல் போகப் பயம்.

இதை எழுதுகிற ஒக்டோபர் கடைசியில் முதல் கம்பனிக்கு இன்னும் ஏழு செவ்வாய், 7,350 ரூபா. சங்கத்துக் காசு தவறவில்லை. கணிதக் கொப்பியில் இரு பக்கத்துக் கணக்கும் நடுவில் முட்டிக்கொண்டதால் அக்கா புதுக் கொப்பி ஒன்று போட்டிருக்கிறார்.

நேற்று இடியப்பத் தட்டோடு வந்து வாசலில் நின்றார். அடுப்பின் ஒரு பக்கம் எரிவதில்லையாம், திருத்த 2,500 கேட்கிறார்களாம், மழையும் தொடங்கப் போகிறது. "அதுக்குச் சங்கத்தில கேக்கலாமா தங்கச்சி? அது வீட்டுச் சாமானா, தொழில் சாமானா எண்டு எனக்குத் தெரியல்ல." எனக்கும் தெரியவில்லை. விண்ணப்பத்தில் அடுப்புத் திருத்த என்று மட்டும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறேன். கூட்டம் வருகிற ஞாயிறு.